கதவைத் தொடுவதும் ஆளைப் பார்ப்பதும்: காவலறைச் சுற்றுப் பதிவுக் கருவி பற்றிய மதிப்புரை

இரவுப் பாராவில் இருக்கும் காவலர் குறித்த இடைவெளியில் ஒவ்வோர் அறைக் கதவுக்கும் சென்றாரா என்பதை மின்னணு முறையில் பதிந்துவைக்கும் கருவியைப் பற்றியது இந்த மதிப்புரை. கைதாகிச் சில மணி நேரமே ஆனவர்கள் முதல், விசாரணை முடியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் வரை தங்கவைக்கப்படும் ஓர் உள்ளூர்ச் சிறையில் நான் இரவுப் பணி மேற்பார்வையாளராக இருக்கிறேன். பத்து மாதங்களாக ஒவ்வோர் இரவும் இதைப் பயன்படுத்தியிருக்கிறோம். தயாரித்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. இதே அமைப்பில் பல நிறுவனங்கள் கருவிகளை விற்கின்றன, நான் சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும். வாங்கலாமா என்று யோசிக்கும் சிறை நிர்வாகிகளுக்கும், தம் வீட்டுப் பிள்ளை உள்ளே இருக்கும்போது அங்கே இரவில் என்ன நடக்கிறது என்று அறிய விரும்பும் குடும்பத்தாருக்கும் பயன்படட்டும் என்றே எழுதுகிறேன்.

கருவியின் அமைப்பு எளிது. ஒவ்வோர் அறையின் அருகிலும் சுவரில் ஒரு சிறு வில்லை பதிக்கப்படுகிறது. மின்கலமோ கம்பியோ தேவைப்படாத அந்த வில்லைக்குள் அதற்கே உரிய ஓர் எண் இருக்கும். காவலர் தம் கையிலுள்ள படிப்பானை அதன்மேல் வைத்ததும் ஒரு ‘பீப்’ ஒலி எழுகிறது. யார், எந்த அறை, எத்தனை மணி எத்தனை நிமிடம் என்ற மூன்றும் பதிவாகிவிடுகின்றன. சுற்று தவறினால் மேற்பார்வையாளரின் கணினித் திரையில் அந்த அறைக்குரிய கட்டம் சிவப்பாகிறது. படிப்பான் உறுதியானது: சிமெண்ட் தரையில் பல முறை விழுந்தும் உடையவில்லை, ஒரு முறை மின்னேற்றினால் இரண்டு முறைப்பணிகளுக்குத் தாங்குகிறது, கையுறை அணிந்த விரலாலும் விசைகளை அழுத்த முடிகிறது. பொருளாக மட்டும் எடைபோட்டால் இதில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

ஆனால் இதைப் பொருளாக மட்டும் எடைபோட முடியாது. இது எதற்குப் பதிலாக வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். இதற்கு முன் எங்களிடம் இருந்தது ஒரு தாள் பதிவேடு. அதன் பக்கங்களைப் புரட்டினால் 10.00, 10.30, 11.00, 11.30 என்று நேரங்கள் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் வரிசையாக நிற்கும். புதிதாக இருவரைக் கொண்டுவந்து சேர்த்த இரவிலும், ஒருவருக்கு வலிப்பு வந்து கூடமே கலங்கிய இரவிலும் அந்த வரிசை கலையாமல் இருக்கும். அப்படி இருக்கவே முடியாது என்பது அந்தப் பணியில் ஒரே ஓர் இரவு இருந்தவருக்கும் தெரியும். காலையில் அந்தப் பக்கத்தின் அடியில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். அதை இங்கே சொல்லாமல் இந்தக் கருவியைப் பற்றிப் பேசும் உரிமை எனக்கு இல்லை.

இது எங்கள் ஒரு கூடத்தின் குறை மட்டுமன்று. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 2015 ஜூலை 10 அன்று போக்குவரத்து விதிமீறல் ஒன்றுக்காக நிறுத்தப்பட்டுக் கைதான சாண்ட்ரா பிளாண்ட் என்ற 28 வயதுப் பெண், மூன்றாம் நாள் வாலர் வட்டாரச் சிறையின் அறையில் இறந்து கிடந்தார். மணிக்கு ஒரு முறை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்ற விதி அங்கே பின்பற்றப்படவில்லை என்று அம்மாநிலச் சிறைத் தர ஆணையம் கண்டறிந்தது. அவர் பெயராலேயே 2017இல் அங்கு நிறைவேறிய சட்டம், ஆபத்தில் இருப்பவர்களை அடைத்துவைக்கும் அறைகளைக் காவலர்கள் உரிய நேரத்தில் சென்று பார்க்கிறார்கள் என்பதை உறுதிசெய்ய மின்னணு உணர்விகளையோ கேமராக்களையோ வட்டாரச் சிறைகளில் பொருத்த வேண்டும் என்றது. அதே நாட்டில் 2019 ஆகஸ்டில், சிறுமியரைப் பாலியல் சுரண்டலுக்குக் கடத்திய வழக்கில் கைதாகியிருந்த செல்வந்தர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் நியூயார்க் கூட்டாட்சிச் சிறையில் இறந்த இரவில் பணியில் இருந்த காவலர்கள் இருவர், போகாத சுற்றுகளைப் போனதாகப் படிவத்தில் எழுதியதைப் பின்னர் ஒப்புக்கொண்டார்கள். உலகமே உற்றுநோக்கிய ஒரு கைதிக்கே அந்த நிலை என்றால், பெயர் தெரியாத ஒருவரின் அறைக்கு வெளியே அந்தப் பேனா எவ்வளவு எளிதாக ஓடியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இப்படிப்பட்ட கருவிகள் எந்த ஆபத்துக்காக வந்தன என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்க உள்ளூர்ச் சிறைகளில் 2019ஆம் ஆண்டில் இறந்த 1,200 பேரில் 355 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள் என்று அந்நாட்டு நீதித் துறையின் புள்ளிவிவரப் பிரிவு பதிந்திருக்கிறது. வேறு எந்தத் தனிக் காரணத்தைவிடவும் இது அதிகம். 2005, 2006 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்த 464 தற்கொலைகளை ஆராய்ந்த ஒரு தேசிய ஆய்வு, ஏறக்குறைய கால்பங்கு முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே நிகழ்ந்ததாகக் காட்டியது. நீண்ட தண்டனை பெற்றவர்கள் இருக்கும் பெருஞ்சிறையைவிட, நேற்று வரை வீட்டில் இருந்த ஒருவர் போதையோடும் அதிர்ச்சியோடும் அவமானத்தோடும் வந்து விழுகிற சிறிய காவலறையில்தான் கண்கள் அதிகம் தேவைப்படுகின்றன. ஆனால் ஆட்கள் மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான்.

கருவி வந்த முதல் வாரம் எங்களுக்கு ஒரு பாடம் கற்றுத்தந்தது. நிறுவி வைக்க வந்தவர்கள் வில்லைகளைச் சுவரில் கதவுகளுக்கு இடைப்பட்ட இடத்தில், நடந்துகொண்டே தொடுவதற்கு வசதியான உயரத்தில் பதித்துவிட்டுப் போனார்கள். காவலர் நடையை நிறுத்தாமலே, தலையைத் திருப்பாமலே, கையை மட்டும் நீட்டித் தொட்டபடி கூடத்தைக் கடந்துவிட முடிந்தது. ஒரு வரிசை முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்திருப்பதைப் பதிவில் பார்த்தேன்; கட்டங்கள் எல்லாம் பச்சை. பழைய பேனாவின் வேலையை இப்போது கை செய்தது, அவ்வளவுதான். வில்லைகளைப் பெயர்த்துக் கதவின் பார்வைத் துளைக்கு நேர் கீழே, முகம் துளைக்கு எதிரே வந்தால் மட்டுமே கை எட்டும் இடத்தில் மாற்றிப் பதித்தோம். அதன்பின் ஒரு வரிசைக்கு ஆகும் நேரம் பல மடங்காகக் கூடியது. இந்தக் கருவியை வாங்குகிற எவருக்கும் நான் சொல்லும் முதல் அறிவுரை இதுதான்: வில்லையை எங்கே பதிப்பது என்பதை நிறுவ வருபவரிடம் விட்டுவிடாதீர்கள். விளக்கக் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரும் குறை.

இரண்டாவது குறை நேர ஒழுங்கு. 30 நிமிடம் என்று இடைவெளியை அமைத்தால், 28ஆம் நிமிடத்தில் கருவி ஒலி எழுப்பி நினைவூட்டுகிறது. காவலர் எழுந்து போகிறார். அடுத்த ஒலிக்குப் பின்னரே மறுபடியும் எழுகிறார். மூன்றாவது மாதத்தில் ஒரு நாள், உறக்கமின்றிக் கதவருகே நின்றிருந்த ஓர் இளைஞரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: “ஐயா, அந்தச் சத்தம் கேட்டுக் காலடி கடந்துபோனால் இனி அரை மணி நேரத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.” அவர் குறையாகச் சொல்லவில்லை, தெரிந்த ஒன்றைச் சொன்னார். எனக்கு அன்று இரவு முழுவதும் மனம் ஆறவில்லை. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தில் இருக்கும் ஒருவருக்கு, யாரும் வராத நேரத்தை மணி அடித்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். கண்காணிப்பு இடைவெளி 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, அந்த 15 நிமிடத்துக்குள்ளும் முன்கூட்டிக் கணிக்க முடியாதபடி முன்பின்னாக இருக்க வேண்டும் என்பது சிறை மருத்துவத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்படுவது. ஆபத்து முற்றியவருக்கு அதுவும் போதாது, ஓர் ஆள் அருகிலேயே இருக்க வேண்டும். மூளைக்கு உயிர்வளி நின்றால் சில நிமிடங்களிலேயே மீளாத சேதம் ஏற்பட்டுவிடும் என்பதால், அரை மணிச் சுற்று அவருக்குக் காவலாகாது. கருவியில் ஒலியை நிறுத்தி அதிர்வை மட்டும் வைத்துக்கொள்ள முடிகிறது. இடைவெளியைத் தானாக மாற்றி மாற்றித் தரும் வசதி மட்டும் இல்லை.

ஒலியை நிறுத்தியதால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. இரவு முழுவதும் அரை மணிக்கு ஒரு முறை, அறைதோறும் எழும் ‘பீப்’ ஒலியில் யாரும் சரியாக உறங்கியதில்லை. உறக்கம் கெட்டவர்கள் பகலில் சீறுவதும், சண்டை மூள்வதும், அதற்குத் தண்டனையாகத் தனியறைக்குப் போவதும் ஒரு சங்கிலி. ஒலி நின்ற பிறகு காலை நேரப் பூசல்கள் தணிந்ததாகப் பகல் பணியாளர்கள் சொன்னார்கள். நான் அதை எண்ணிக் கணக்கெடுக்கவில்லை.

மூன்றாவது குறையைச் சொல்ல ஓர் இரவைச் சொல்ல வேண்டும். மது மயக்கத்தில் கீழே விழுந்து கிடந்தவர் என்று ஒருவரை நள்ளிரவுக்கு முன் கொண்டுவந்தார்கள். படுத்ததும் உறங்கிவிட்டார். அரை மணிக்கு ஒரு முறை காவலர் சென்றார். உண்மையாகவே சென்றார், துளை வழியாக உண்மையாகவே பார்த்தார். குறட்டை கேட்டது, ‘உறக்கம்’ என்ற விசையை அழுத்திவிட்டு வந்தார். ஆறு பதிவுகள், ஆறும் பச்சை. விடியுமுன் வேறு ஒருவருக்கு மாத்திரை கொடுக்க வந்த செவிலியர், அந்தக் குறட்டையின் ஓசை சரியில்லை என்று கதவைத் திறக்கச் சொன்னார். தோளைத் தட்டினார், பெயர் சொல்லி அழைத்தார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். அவர் விழிக்கவில்லை. மண்டைக்குள் குருதிக் கசிவு. மருத்துவமனையில் அறுவைசிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். போதையும் தலைக்காயமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதும், சாராய வாடை வருகிறது என்பதற்காகத் தலைக்காயம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்பதும் எங்கள் பயிற்சியிலேயே இருந்தவை. அன்று கருவி தவறு செய்யவில்லை. அதனிடம் கேட்டதை அது சரியாகவே பதிந்தது. நாங்கள் அதனிடம் கேட்டதுதான் போதாமல் இருந்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல் நிலையத் தடுப்பறைகளுக்கான நடைமுறை விதித்தொகுப்பில், போதையில் இருப்பவரை அரை மணிக்கு ஒரு முறையேனும் சென்று எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. எப்படி எழுப்புவது என்பதற்கு அதன் பிற்சேர்க்கை ஒன்று படிப்படியாக வழிசொல்கிறது: அறைக்குள் போக வேண்டும், பெயர் சொல்லி அழைக்க வேண்டும், மெல்ல உலுக்க வேண்டும். உன் பெயர் என்ன, எங்கே வசிக்கிறாய், இப்போது எங்கே இருப்பதாக நினைக்கிறாய் என்று கேட்டால் பொருத்தமான பதில் வருகிறதா? கண்ணைத் திற, ஒரு கையைத் தூக்கு, மற்றொரு கையைத் தூக்கு என்றால் செய்கிறாரா? இவற்றில் ஏதேனும் ஒன்று பொய்த்தாலும் மருத்துவப் பணியாளரையோ அவசர ஊர்தியையோ அழைக்க வேண்டும். அந்த இரவுக்குப் பிறகு இந்தப் பட்டியலைத் தாளில் எழுதிக் கூடத்தின் சுவரில் ஒட்டினோம். கருவியில் காவலர் அழுத்தும் விசைகளுக்கு நாமே பெயர் வைத்துக்கொள்ள முடியும் என்பது இதன் சிறந்த வசதிகளுள் ஒன்று. ‘சரி’, ‘உறக்கம்’, ‘பிற’ என்று நிறுவனம் தந்திருந்த மூன்றையும் நீக்கிவிட்டு, ‘பேசினேன், பதில் சொன்னார்’, ‘மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன்’, ‘உள்ளே சென்று எழுப்பினேன்’, ‘எழவில்லை’ என்று வைத்தோம். கடைசி விசையை அழுத்தினால் மருத்துவப் பிரிவில் மணி ஒலிக்கும்படி இணைத்துத் தந்தார்கள். அதை நன்றாகவே செய்தார்கள். கேட்ட ஐந்தாம் நாள் வேலை முடிந்திருந்தது.

விசைகளின் பெயர் மாறியதால் எல்லாம் மாறிவிடவில்லை. களைத்த கட்டைவிரல் எப்போதும் முதல் விசைக்கே போகும். பதிவில் ‘பேசினேன், பதில் சொன்னார்’ என்பதே அதிகாலை மூன்று மணிக்கும் தொடர்ந்து வந்தபோது, அந்த நேரத்தில் அத்தனை பேரும் விழித்திருந்து பேசினார்களா என்று காவலரிடம் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அதட்டவில்லை. இப்போது முதல் விசையை வெறுமையாக விட்டிருக்கிறோம். அதை அழுத்தினால் பதிவாகாது, கருவி மறுபடியும் கேட்கும். ஒருவர் உண்மையில் என்ன செய்தார் என்று ஒரு நொடி நின்று நினைத்துப் பார்க்க அது வைக்கிறது.

இதையெல்லாம் நாங்கள் தட்டுத்தடுமாறிக் கண்டுகொண்டோம். முன்பே கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பழங்குடி மக்கள் காவலில் இறந்ததை விசாரிக்க 1987இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், 99 மரணங்களை ஆராய்ந்து 1991இல் 339 பரிந்துரைகளைத் தந்தது. காவலில் வைத்த முதல் இரண்டு மணி நேரத்தில் 15 நிமிடத்துக்கு மிகாமல் பார்க்க வேண்டும். மின்னணுக் கருவிகள் இருந்தாலும் ஆளே நேரில் சென்று பார்க்க வேண்டும். விழித்திருப்பவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். உறங்குபவர் சீராக மூச்சு விடுகிறாரா, ஆபத்தில்லாத நிலையில் படுத்திருக்கிறாரா என்று உறுதிசெய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. கருவிகள் மனிதத் தொடர்புக்கு மாற்றாகக் கூடாது, துணையாக மட்டுமே இருக்க வேண்டும் என்று அடுத்தடுத்த பரிந்துரைகள் சொல்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கும் முன்னர் எழுதப்பட்ட அந்தப் பக்கங்களைப் படித்தவர் யாரேனும் இந்தக் கருவியை வடிவமைத்த குழுவில் இருந்திருந்தால், நான் இதுவரை எழுதிய குறைகளில் பாதி இருந்திருக்காது.

இதே நிறுவனம் மூச்சசைவைச் சுவரிலிருந்தே உணரும் ரேடியோ அலை உணர்வியையும் கூடுதல் பொருளாகத் தருகிறது. இரண்டு அறைகளில் வைத்துப் பார்த்தோம். ஒருவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாலும் எச்சரிக்கை, அறையில் இருவர் இருந்தாலும் குழப்பம். மூன்றாம் வாரத்தில் காவலர்கள் அந்த எச்சரிக்கையைக் காதில் வாங்காமல் இருக்கப் பழகிவிட்டார்கள் என்று தெரிந்ததும் கழற்றித் திருப்பி அனுப்பிவிட்டேன். இந்தக் கூடுதல் பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மென்பொருளைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும், எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு முறை பதிவானதை யாராலும் அழிக்க முடியாது. விளக்கக் குறிப்பு மட்டும் சேர்க்கலாம், யார் சேர்த்தார் என்பதும் பதிவாகும். ஐக்கிய நாடுகள் அவை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் ஆறாவது விதி, கைதிகளின் பதிவுகளில் யார் எப்போது கைவைத்தார் என்ற தடம் பாதுகாப்பாக இருக்க வேண்டும், அனுமதியில்லாமல் திருத்த முடியாதபடி இருக்க வேண்டும் என்கிறது. அந்த அளவில் இது தேறுகிறது. ஆனால் ‘சுற்று இடைவெளி’ என்ற அமைப்பை மேற்பார்வையாளர் நிலையில் உள்ள எவரும், கடந்துபோன தேதிக்கும் சேர்த்து மாற்ற முடிந்தது. 30 என்பதை 60 ஆக்கினால் நேற்றைய சிவப்புக் கட்டங்கள் எல்லாம் இன்று பச்சையாகிவிடும். பதிவு அப்படியே இருக்கும், அதன் பொருள் மாறிவிடும். இதை நான் எழுத்தில் தெரிவித்த பிறகு சரிசெய்தார்கள். வாங்குகிறவர்கள் தங்கள் பதிப்பில் இதைச் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, இந்தக் கருவி எனக்குச் செய்த மிகப் பெரிய உதவி. அது நான் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. முதல் இரண்டு மாதங்கள் சிவப்புக் கட்டங்களைக் காட்டிக் காவலர்களிடம் விளக்கம் கேட்பதே நிர்வாகத்தின் வேலையாக இருந்தது. பிறகு ஒருநாள் சிவப்புகள் எந்த மணியில் குவிகின்றன என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். சோம்பேறி என்று பெயரெடுத்தவர் பணியிலும், பொறுப்பானவர் என்று பெயரெடுத்தவர் பணியிலும் அவை ஒரே நேரத்தில் குவிந்தன: புதியவர்களைச் சோதனையிட்டுச் சேர்க்கும் பின்னிரவு நேரத்தில், அல்லது ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு ஒரு காவலர் வெளியே போயிருந்த நேரத்தில். கூடத்தில் எஞ்சியவர் ஒருவர். அவரே வாயிற்கதவையும் திறக்க வேண்டும், தொலைபேசியையும் எடுக்க வேண்டும், சுற்றும் போக வேண்டும். தாள் பதிவேடு இருந்த காலத்தில் இந்தப் பற்றாக்குறை கண்ணுக்கே தெரிந்ததில்லை, ஏனென்றால் அதை எங்கள் பேனாவே மூடி மறைத்தது. அந்த வரைபடத்தை மேலிடத்துக்கு அனுப்பி, பின்னிரவுக்கு மட்டும் கூடுதலாக ஒருவரைப் பெற்றேன். அதற்கடுத்த மாத அறிக்கையில் அந்த நேரத்துச் சிவப்பு ஏறக்குறைய மறைந்திருந்தது. காவலர்களைத் தண்டிப்பதற்காக மட்டும் இதை வாங்கும் நிர்வாகம், வில்லையைத் தொட்டுவிட்டு ஓடும் காவலர்களைத்தான் உருவாக்கும். அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கைதிகளுக்கும் அவர்களுடைய வழக்குரைஞர்களுக்கும் அவரவர் அறையின் பதிவைக் கேட்டுப் பெறும் வழி மென்பொருளில் இல்லை. ஒருவர் இறந்தாலோ காயமடைந்தாலோ, குடும்பத்தார் முதலில் கேட்பது “கடைசியாக யார் பார்த்தார்கள், எப்போது?” என்பதுதான். அந்த ஒரு கேள்விக்குரிய பக்கத்தைத் தனியாக அச்சிட இப்போது நான்கு திரைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. கேட்பவர் கண்ணெதிரே நிற்கும்போது அது நீண்ட நேரம்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கடிதத்தில் சென்ற வாரம் கையெழுத்திட்டேன். வில்லை பதிக்கும் இடத்தைப் பற்றிய வழிகாட்டலைக் கையேட்டில் சேர்க்க வேண்டும், குடும்பத்தாருக்கான பதிவுப் பக்கத்தை ஒரே திரையில் தர வேண்டும், சுற்று இடைவெளியைக் கணிக்க முடியாதபடி மாற்றித் தரும் வசதி வேண்டும் என்ற மூன்றையும் அதில் எழுதியிருக்கிறேன். முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவது அடுத்த பதிப்பில் வரும் என்று பதில் வந்திருக்கிறது. அது வரும்வரை, ஒவ்வோர் இரவும் பணி தொடங்குவதற்கு முன் அன்றைய சுற்று நேரங்களை ஒழுங்கில்லாத இடைவெளிகளில் ஒரு துண்டுத்தாளில் கையால் எழுதி, மடித்து, படிப்பானோடு சேர்த்துக் காவலரிடம் கொடுக்கிறேன்.